தொண்ணூற்றாறு பேர், ஆறு அறைகள்

மார்ச் 3
என் ஆய்வின் கடைசி அமர்வும் முடிந்தது. ஆறு அமர்வு, அமர்வுக்கு ஓர் அறை, மொத்தம் தொண்ணூற்றாறு பேர். அறைக்குப் பதினாறு பேர் கணினிமுன் உட்கார்ந்து, சுற்றுக்குச் சுற்று ஜோடி மாறி, நான் கொடுத்த புள்ளிகளில் எத்தனையைப் பொதுவில் போடுவது என்று முடிவெடுத்தார்கள். பொதுவில் போட்டது பெருகி ஜோடிக்குச் சரிபாதி. மூன்று அறைகளில் முன்கூட்டிப் பேசிக்கொள்ள விட்டேன்; அவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கிள்ளித்தான் கொடுத்தார்கள். முடிவு பளிச்சென்று இருக்கிறது! விரிவுரையாளர் வேலைக்கான உரையில் இதைத்தான் சொல்லப்போகிறேன். இருப்பது ஒரே இடம். பக்கத்து மேசை குடைச்சலும் போட்டியில் இருக்கிறாள். பெயர் நான் வைத்தது. எதையும் குடையாமல் விடமாட்டாள்.

மார்ச் 9
குடைச்சல் என் தரவைக் கேட்டாள். கொடுத்தேன். பார்க்கட்டுமே.

மார்ச் 11
தலையில் இடி.

பெரிய தாளோடு வந்தாள். ஓர் அறையின் பதினாறு பேரையும் வட்டங்களாகப் போட்டு, முதல் சுற்றில் ஒன்றுமே போடாத ஒருவரை மட்டும் சிவப்பாக்கியிருந்தாள். அவரிடம் ஏமாந்தவர் அடுத்த சுற்றில் குறைத்தார். அவரோடு ஆடியவர் அதற்கடுத்து... ஐந்தாவது சுற்றில் தாளே சிவப்பு.

“ஒருத்தர் கையை விரிச்சா அறையே விரிக்குது. இவங்க தனித்தனி ஆளுங்க இல்லடி. உனக்கு சாட்சி தொண்ணூத்தாறு இல்ல, ஆறுதான்.”

இந்தப் பக்கம் மூன்று அறை, அந்தப் பக்கம் மூன்று. அதை வைத்து என்னத்தை நிரூபிப்பது? வேலைக்காக என்னைக் கவுக்கப் பாக்குறியா என்று கத்திவிட்டேன். தாளை வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 12
அவள் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

ஆனால் — கவிழ்க்க நினைத்திருந்தால் என் உரையன்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கலாமே? அங்கேயே என் கதை முடிந்திருக்கும். ஒன்பது நாள் முன்னாலேயே வந்து, என் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு அந்த மனசு வந்திருக்குமா? சத்தியமாகத் தெரியவில்லை.

மார்ச் 20
உரையில் சாட்சி ஆறு என்றே சொன்னேன். இன்னும் உறுதியில்லை என்றும் சொன்னேன். தேர்வுக்குழுவில் ஒருவர் பேனாவை மூடினார். பின்வரிசையில் குடைச்சல் கடைசிவரை தலையாட்டிக் கேட்டாள்.

மார்ச் 27
வேலை அவளுக்கு.

குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவ வாயை மூடிட்டு இருந்திருந்தா உனக்குத்தானே என்று அக்கா போனில் ஆரம்பித்தாள். அவளைப் பற்றி அப்படிப் பேசாதே என்று அக்காவிடமே சண்டை பிடித்தேன்.

மாலையில் குடைச்சல் வந்து வாசலிலேயே நின்றாள்.

“நான் சேரப்போற இடத்துல ஆய்வுக்கூடம் பெருசு. இன்னும் இருபது அறை நடத்தலாம். கட்டுரைல உன் பேரு முதல்ல.”

“பொறாமையா இருக்குடி. இன்னைக்குப் பேச முடியாது.”

“சரி, நாளைக்கு வரேன்.”

அவள் போனதும், இருபதுக்கும் அட்டவணை போட உட்கார்ந்துவிட்டேன்.