காலை டீ யாருக்கு

அப்பா,

வீடு முழுக்க ஆறிப்போன இஞ்சி டீ வாசனை. உங்கள் ஸ்வெட்டரில் இருக்குமே, எத்தனை துவைத்தாலும் போகாத அதே வாசனை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

குன்னூர் தேயிலை ஏல ஆபீசுக்கு நீங்கள் கேனோடு முன்னால் ஏறுவீர்கள், நான் டம்ளர் கூடையோடு பின்னால். நாள் முழுக்கத் தேயிலையை ருசி பார்த்துத் துப்புகிறவர்கள், விழுங்குவதற்கு நம் டீக்காகக் காத்திருப்பார்கள். "பாப்பா பேசாதா?" என்று கேட்டால், "எம் புள்ள வாயைத் தொறந்தா மழை வந்துருங்க" என்பீர்கள். "அய்யோ, பெய்யற மழையே போதுமுங்க!" என்று ஆபீசே சிரிக்கும். வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்து ஒன்பதாவதோடு நின்றவள் நான். கூடையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் போனதும், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நம் அடுப்பிலிருந்து வெளியே டீ போகக் கூடாது என்றார் அம்மா. காரியம் முடிந்த மறுநாள் நாங்கள் போனால், நீங்கள் கேன் வைக்கும் பெஞ்சில் பஸ் ஸ்டாண்ட் கடை அண்ணனின் கேன்.

"இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு?" என்றார் அவர்.

"ஒருத்தர் போதுமேம்மா" என்றார் மேனேஜர். அம்மா அழுதுவிட்டார். வேறு வழியில்லாமல் நான் வாயைத் திறந்தேன். "காரியம் நேத்துதானுங்க முடிஞ்சுது."

மேனேஜர் இரண்டு கேனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. காலைல அவரு. சாயந்திரம் நீங்க."

அந்தப் பாதியோடுதான் இந்த வருஷம் ஓடியது. அம்மா எஸ்டேட்டில் இலை பறிக்கப் போனார். "காலை டீ திரும்பக் கெடைச்சா இங்க இருக்கலாம். இல்லீன்னா திருப்பூர் பனியன் கம்பெனிதான்" என்று தினமும் சொன்னார்.

இந்த மாதம் அந்த அண்ணனின் அம்மா இறந்துபோனார். காரியம் முடியும்வரை காலையும் என்னையே ஊற்றச் சொன்னார் மேனேஜர். அம்மாவின் முகம் தெளிந்தது. "விட்டுறாத கண்ணு. அவன் நமக்கு விட்டுக் குடுத்தானா?"

இல்லைதான்.

இன்று காலை அவர் மொட்டைத் தலையோடு, கேனைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பெஞ்சில் நம் கேன். அப்போது மேனேஜர், "எல்லாருக்கும் உன் டீதான் புடிச்சிருக்குது பாப்பா. காலையும் நீயே வெச்சுக்கறயா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திருப்பூர் பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. "காலைல அண்ணனே ஊத்தட்டுங்க" என்று சொல்லி, நம் கேனைத் திறக்காமலே பெஞ்சிலிருந்து இறக்கினேன்.

அண்ணன், "கூறுகெட்ட புள்ள" என்று முணுமுணுத்தார். முதல் டம்ளரை ஊற்றி என்னிடம்தான் நீட்டினார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை, அப்பா. நீங்கள் இருந்திருந்தால் சிரிக்கச் சிரிக்கப் பேசி இரண்டு வீட்டுக்கும் வழி பண்ணியிருப்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சு வராது. ஒருவர் வாசலில் கேனோடு நிற்கும்போது எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று உங்களிடம் சொல்லிப் பார்த்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது.