ஷெரினுக்கு மறுபடியும் பூச்சி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நேற்று துவைத்த படுக்கை விரிப்புகள் இன்னும் காயவில்லை. நாற்காலி மேல், ஜன்னல் கம்பியில், கதவு மேல். வீடு முழுக்க ஈரத்துணி வாடை.

ஆறு மணிக்கு, ஷெரினை எழுப்பும் முன், டார்ச் அடித்துப் பார்த்தேன். இருக்கிறது. வெள்ளை நூல் துண்டு மாதிரி, அரை விரற்கடை நீளம். நெளிந்தது. கீரிப்பூச்சி, குடலில் இருந்து ராத்திரியில் வெளியே வருவது. மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, இது மூன்றாவது.

விழித்துக்கொண்டாள். "மம்மி, மறுபடியும் இருக்கா?"

"இல்லடா, சும்மா பாத்தேன்."

ஆறு வயது. நம்பவில்லை.

ஸ்கூலில் அரை நாள் லீவு கேட்டேன். ஹெச்.எம். காரணம் கேட்டார். பல் வலி என்றேன். மூன்றாம் வகுப்புக்குக் கை கழுவுவது எப்படி என்று பாடம் எடுப்பவள் நான். வேறென்ன சொல்ல.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். "நோடி, பாருங்க மேடம், இது அழுக்கு வீட்ல மட்டும் வர்றதுன்னு நெனைக்காதீங்க. எந்த வீட்லயும் வரும். முட்டை நகத்துல இருக்கும், பெட்ஷீட்ல இருக்கும், கதவுப் பிடியில இருக்கும். வீட்ல எல்லாரும் ஒரே நாள் மாத்திரை சாப்பிடணும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. ஒருத்தர் விட்டாலும் திரும்ப வரும்."

"எல்லாரும்தான் சாப்பிட்டோம் டாக்டர்."

"அரிப்பு இல்லாதவங்களும்?"

"எல்லாரும்."

செய்ய வேண்டியவை:
- எல்லோர் நகமும் ஒட்ட வெட்டுதல்
- விரிப்பு, துண்டு, உள்ளாடை: வெந்நீர். உதறக் கூடாது
- காலையில் எழுந்ததும் ஷெரினுக்குக் குளியல்
- கதவுப் பிடி, குழாய், ஸ்விட்ச், ரிமோட் துடைத்தல்
- பொம்மைகள் (கரடியை என்ன செய்வது?)
- பிரேமா அக்காவிடம் சொல்லுதல்

கடைசியை நாளைக்குத் தள்ளிவைத்தேன்.

ஜூன் 4, புதன்

சொன்னேன். பிரேமா அக்கா என் கணவர் எட்வினுக்கு மூத்தவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். மாடியில் இருக்கிறார், சாப்பாடு கீழே எங்களோடு. வீடு அவர்கள் அப்பா கட்டியது. அதை மறக்க விடமாட்டார்.

"மூணாவது வாட்டியா? எங்க மம்மி இருந்த காலத்துல இந்த வீட்ல ஒரு ஈ உக்காராது, எஸ்தர். எங்க ரிச்சர்ட்ஸ் டவுன் ஏரியாவுல இந்த மாதிரி கேள்விப்பட்டதே இல்ல. உங்க கே.ஜி.எஃப். லைன் வீட்ல எல்லாம் சகஜமா இருந்திருக்கும்."

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு எங்கள் லைன், பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு வரிசைக் கக்கூஸ். இவரிடம் அதைச் சொன்னது நான்தான், கல்யாணமான புதிதில், சிரித்துக்கொண்டே. ஒன்பது வருஷமாகத் திருப்பித் திருப்பித் தருகிறார். அம்மா தினமும் ஃபினாயில் ஊற்றித் தேய்த்ததையும் சொன்னேன். அது மட்டும் அவர் ஞாபகத்தில் தங்கவில்லை.

சாப்பாட்டின்போது மாத்திரை கொடுத்தேன். ஷெரின் சப்பித் தின்றாள். நான் விழுங்கினேன். பி. அக்கா ஜெபம் செய்துவிட்டு முகத்தைச் சுளித்து விழுங்கினார். எட்வினுக்கு போன் வந்தது, சர்ச் கமிட்டி விஷயம். "வை, சாப்ட்டு முடிச்சு போட்டுக்கறேன்."

ஜூன் 6, வெள்ளி

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

செல்வி அக்கா ஆறு வருஷமாக இங்கே வேலை. திருவண்ணாமலைப் பக்கம், இப்போது லிங்கராஜபுரம். ஷெரின் கைக்குழந்தையாக இருந்தபோது முதுகுக்கு எண்ணெய் தேய்த்தவர். இன்று பாத்திரம் தேய்த்து முடித்துக் கை துடைக்கும்போது பி. அக்கா சமையலறைக்குள் வந்தார்.

"செல்வி, நகத்தக் காட்டு."

"எதுக்கும்மா?"

"காட்டுன்னா காட்டு."

காட்டினார். இரண்டு கையும் நீட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள். நகத்தில் ஒன்றும் இல்லை. பி. அக்கா கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, "உன் வீட்ல பாத்ரூம் தனியா, பொதுவா?" என்றார்.

செல்வி அக்கா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே.

மாலையில் எட்வின் முடிவு சொன்னார். "கொஞ்ச நாளைக்கு வேணாம்னு சொல்லிடு. அக்கா டென்ஷன் ஆகறாங்க. பூச்சி போனதும் பாத்துக்கலாம்." டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஷெரினுக்கு வந்தது ஸ்கூலில் இருந்தும் இருக்கலாம், என்னிடம் இருந்தும் இருக்கலாம். தலையாட்டினேன். செல்வி அக்காவிடம் போனில் சொன்னேன், நேரில் சொல்லும் முகம் இல்லாமல். மறுமுனையில், "சரிம்மா." அவ்வளவுதான்.

உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதி. பழி என்னை விட்டு நகர்ந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச். ஷெரின் பெஞ்சில் நெளிந்துகொண்டே இருந்தாள். பாட்டு எழும்போதெல்லாம் நிம்மதி, எழுந்து நிற்கலாம். பிரசங்கம் நீளம். முன் வரிசை ஆன்ட்டி திரும்பி, "டான்ஸ் கிளாஸ் போறாளா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தாடை வலித்தது.

எட்வின் காணிக்கைத் தட்டு எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக. நீலக் கோட்டு. எல்லோரும் கை குலுக்கினார்கள்.

ஜூன் 12, வியாழன்

வேன் டிரைவர்: "மேடம், பாப்பாவ இன்னிக்கி முன்னாடி என் பக்கத்துல உக்கார வச்சேன்." ஏன்? பக்கத்தில் உட்காரும் பெண் மாட்டேன் என்றாளாம். ஷெரினே அவளிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள், எனக்குள்ளே ஒரு வெள்ளைப் பூச்சி இருக்கிறது என்று. தோழி என்று நம்பி.

குளிக்க வைக்கும்போது கேட்டாள். "நான் டர்ட்டியா மம்மி?"

இல்லை இல்லை இல்லை என்று மூன்று முறை சொன்னேன். பின்னே எதற்கு என் கை அவளை அவ்வளவு அழுத்தித் தேய்த்தது? தோள் சிவந்துவிட்டது.

காலை 5: வெந்நீர், விரிப்பு. 5.45: குளியல். 6.15: கதவுப் பிடிகள். 7: டிபன். 8: ஸ்கூல். மாலை பாத்திரம், வீடு துடைப்பு, இஸ்திரி. கை தோல் உரிகிறது. எட்வின்: "மெஷின்லயே போடலாமே, எதுக்கு இவ்ளோ ஸீன்?"

ஜூன் 18, புதன்

இரண்டாவது மாத்திரை. எட்வினுக்கு ஆபீஸ் அவசரம். கையில் கொடுத்தேன். "கார்ல போட்டுக்கறேன்."

வெயில், பல நாளைக்கு அப்புறம். கரடிப் பொம்மையை மாடிக் கம்பியில் காதைப் பிடித்துக் கிளிப் போட்டேன். பி. அக்கா எட்டிப் பார்த்து, "ரோட்ல போறவங்களுக்கெல்லாம் தெரியணுமா?" என்றார். கரடியைப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்காமல் விட்டவற்றின் பட்டியல் போட்டால் இந்த நோட்டு போதாது.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடியும். இரண்டு.

பாத்ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷெரின் வெளியே நின்று கதவைத் தட்டி, "மம்மி, ஸாரி மம்மி" என்கிறாள். எதற்கு இவள் ஸாரி சொல்ல வேண்டும்?

இன்று ஸ்கூல் போகவில்லை. இந்த முறை அலமாரியில் இருப்பதையும் விடுவதில்லை என்று தீர்மானம். போர்வைகள், ஸ்வெட்டர், எட்வினின் கோட்டு. கோட்டை டிரை கிளீனிங் கொடுக்கலாம் என்று பைகளைத் துழாவினேன்.

உள் பையில் மூன்று மாத்திரை. அட்டையிலிருந்து நான் ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கொடுத்தது, ஓரம் கோணலாக. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. பேன்ட் பையில் இன்னொன்று.

ரொம்ப நேரம் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது. பருப்பு தீய்ந்துவிட்டது.

ஆறரைக்கு வந்தார். ஷெரினை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, சமையலறையில் அவர் முன்னால் நான்கையும் வரிசையாக வைத்தேன்.

"என்னது இது?"

"நீங்கதான் சொல்லணும்."

முதலில் சிரித்தார். "மறந்துட்டேன் எஸ்தர். இதுக்குப் போயி..."

"மார்ச், ஏப்ரல், இந்த மாசம் ரெண்டு. நாலு தடவையுமா?"

"நான் என்ன சின்னக் கொழந்தையா? எனக்கென்ன பூச்சியா இருக்கு?"

"அரிப்பு இல்லையா உங்களுக்கு?"

டம்ளரை எடுத்தார், தண்ணீர் இல்லை, வைத்தார். அப்போதுதான் புரிந்தது.

"எப்போலேர்ந்து?"

"மெதுவா பேசு. அக்கா மேல இருக்காங்க."

"எப்போலேர்ந்து எட்வின்?"

"கிறிஸ்மஸ் டைம்லேர்ந்து." தரையைப் பார்த்துச் சொன்னார். "தானா போயிடும்னு நெனச்சேன். மாத்திரை போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல."

கிறிஸ்மஸ். குழந்தைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னால். அந்தக் கையால் அவளுக்குக் கேக் ஊட்டினார். அவள் எங்கள் நடுவில் படுப்பவள்.

"செல்வி அக்காவ நிப்பாட்டச் சொன்னப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"அவளாலயும் வந்திருக்கலாம். யாரு கண்டா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறியிருக்கும்.

ஜூன் 25, புதன்

டாக்டருக்கு போன். எல்லோரும் முதலிலிருந்து. எட்வினை என் முன்னால் மென்று விழுங்க வைத்தேன். முறைத்தார். பி. அக்கா, "இன்னுமா?" என்றார். எட்வின் பேப்பரை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 28, சனி

லிங்கராஜபுரம் போனேன். ஆட்டோவில் போகும்போது பேச்சைத் தயார் செய்தேன். தெரு திரும்பியதும் மறந்துவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. வாசல் சிமென்ட் கழுவி இன்னும் காயவில்லை. செல்வி அக்கா உள்ளே கூப்பிட்டார். பாய் விரித்தார். காபி போட எழுந்தார், வேண்டாம் என்றேன். சொன்னதும் திடுக்கிட்டேன். எதனால் வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்வார்? "இல்லக்கா, குடுங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு, மாத்திரை, கிறிஸ்மஸ். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாப்பாக்கு இப்போ எப்படிம்மா இருக்குது?"

"பரவால்லக்கா. நீங்க திரும்ப வரணும்."

"வேற வீடு புடிச்சிட்டேம்மா. ஃப்ரேஸர் டவுன்ல."

"தப்பு எங்க மேலதான். பிரேமா அக்கா பேசினது..."

"அந்தம்மா பேசறது ஆறு வருஷமா கேக்கறதுதானே. அது ஒண்ணும் புதுசில்ல." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "நகத்தக் காட்டுன்னப்ப நீங்க அங்கதானம்மா நின்னீங்க."

காபி நன்றாக இருந்தது. முழுதும் குடித்தேன். வாசல் வரை வந்து, "பாப்பாவ அடிக்காதீங்க, பாவம்" என்றார். நான் அடித்ததில்லை. தோள் சிவக்கத் தேய்த்ததை யார் சொன்னார்கள்?

ஜூன் 29, ஞாயிறு

சர்ச் முடிந்து சாப்பாடு. மட்டன் குழம்பு, பி. அக்கா விருப்பம். சாப்பிடும்போது அவர்: "புது ஆள் பாக்கறப்போ நல்லா விசாரிச்சு எடு எஸ்தர். சுத்தமா இருக்கணும். அந்த செல்வி மாதிரி இன்னொண்ண கொண்டுவந்து வச்சிடாத."

கரண்டியைக் குழம்பிலேயே விட்டேன்.

"செல்வி அக்காவால வரலக்கா. பூச்சி எட்வினுக்கு. கிறிஸ்மஸ்லேர்ந்து இருக்கு. மாத்திரைய கோட்டுப் பையில ஒளிச்சு வச்சிருந்தாரு."

குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பி. அக்கா தம்பியைப் பார்த்தார். மறுப்பார் என்று காத்திருந்தார். எட்வின் காது வரை சிவந்து, சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"சாப்பாட்டு மேஜையில பேசற பேச்சா இது?" பி. அக்கா தட்டைத் தள்ளினார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. தம்பியிடம் நகத்தைக் காட்டு என்று கேட்கவில்லை.

ஷெரின் மட்டும் முகம் மலர்ந்து, "டாடி, உங்களுக்கும் இருக்கா?" என்றாள். வேனில் யாரும் பக்கத்தில் உட்காராத குழந்தைக்குத் துணை கிடைத்துவிட்டது.

எட்வின் எழுந்து கை கழுவப் போனார். ரொம்ப நேரம் குழாய்ச் சத்தம்.

பின்னால் போய்ச் சொன்னேன். "நீங்களே போய் செல்வி அக்காகிட்ட சொல்லணும்."

"வேலைக்காரிகிட்ட போயி நான் என்னன்னு சொல்றது? பைத்தியமா உனக்கு?"

ஜூலை 5, சனி

ஒரு வாரமாகக் காலையில் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. ஷெரின் அசையாமல் தூங்குகிறாள். தலையணையில் எச்சில் வழிய, வாய் திறந்து. எத்தனை மாதமாயிற்று இப்படிப் பார்த்து.

பி. அக்கா சாப்பாட்டை மாடிக்கு எடுத்துப்போகிறார். எட்வின் என்னிடம் தேவைக்கு மட்டும் பேச்சு: சாவி, சட்டை, கேஸ் சிலிண்டர். செல்வி அக்காவிடம் இன்னும் போகவில்லை. வேனில் ஷெரின் மறுபடி பின் சீட்டில். அந்தப் பெண் அல்ல, வேறு ஒருத்தி பக்கத்தில்.

புது ஆள் எடுக்கவில்லை. பாத்திரம் நானே. எட்வின் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும் என்றேன். கழுவுகிறார், மோசமாக.

ஜூலை 9, புதன்

மழை. இரண்டாவது மாத்திரை நாள். காலை டிபனுக்குப் பிறகு, எல்லோரும் ஒன்றாக. ஷெரின், நான். மாடிக்குப் போய் பி. அக்காவுக்கு. கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

எட்வின் வாட்சைப் பார்த்தார். நான் நகரவில்லை. வாயில் போட்டு மென்றார். தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். ஷெரினும் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள்.

"போதுமா?" என்றார்.

"போதாது."