நீ போட்ட ஒரே விண்ணப்பம்

இன்று காலை கடையில் கோந்துப் போத்தலைத் திறந்தேன். மூடி இறுகிப்போய்க் கிடந்தது, பல்லால் கடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. நீ இருந்திருந்தால் அதற்கு ஒரு திட்டு விழுந்திருக்கும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கையில் வேலை ஓடவில்லை. கல்லூரிகளின் பெயர்கள் உன் கண்ணில் படாதபடி அவற்றின் மேல் காகிதத் துண்டுகளை நான் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை அப்படியே கண்முன் வந்து நின்றது. கண்டி டவுனில் இருபது வருடமாகக் கொப்பியும் பேனையும் விற்கிறவன் கோந்து வாசனைக்குக் கண் கலங்கினான் என்றால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும்.

உனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தேயிலைக் கம்பனியில் டைப் அடிக்கப் போனவள், வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் எடுத்து, ஆண்கள் மட்டுமே நின்ற ருசி பார்க்கும் அறைக்குள் நுழைந்து, அங்கே தலைமை ஆளாகவும் ஆகியிருந்தாய். ஆனால் அதற்கு மேலே ஒரு படி ஏற விடவில்லை. உனக்கு மேல் முகாமையாளர்களாக வந்த மூன்று இளந்தாரிகளுக்கும் வேலை பழக்கியது நீதான். மூன்றாமவன் வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாய்: "அவன்கிட்ட எம்.பி.ஏ. இருக்கு, என்கிட்ட இல்ல. வேற ஒரு வித்தியாசமும் கிடையாது. நான் படிக்கப் போறேங்க."

நான் உடனே காரியத்தில் இறங்கினேன். அதாவது, காரியத்தைக் கெடுக்க. ஒரு கொப்பியை எடுத்துக் கல்லூரிகளின் பட்டியல் போட்டேன். கொழும்பில் ஒன்று, ஏனென்றால் வெள்ளவத்தையில் என் சின்னம்மா வீடு இருந்தது. திருச்சியில் தபால் வழிப் படிப்பு ஒன்று, பரீட்சைக்குப் போனால் உன் தாய்மாமன் வீட்டில் தங்கலாம். சென்னையில் ஒன்று, அங்கே என் அக்கா. என்ன பாடம், யார் நடத்துகிறார்கள் என்ற பேச்சே இல்லை. வெளியூர் என்றதும் நம் சனம் முதலில் கேட்பது, அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்பதைத்தானே.

கொப்பியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "இது காலேஜ் லிஸ்டா, கல்யாணத்துக்குச் சொல்லப் போற லிஸ்டா? உங்க சின்னம்மா வீட்ல தங்கினா நான் படிக்கவா போறேன், தேங்கா துருவவா போறேன்?"

அப்புறம்தான் உன் வேலைமுறையைச் சொன்னாய். எந்தத் தேயிலைத் தோட்டம் என்று பெயர் தெரிந்துவிட்டால் நாக்கு பொய் சொல்லுமாம். அதனால் கோப்பைகளை வரிசையாக வைத்து, பெயர்ச் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் குடித்துப் பார்ப்பீர்களாம். "இதையும் அப்படியே பாப்போம். பேரை மறைச்சு ஒட்டிக் குடுங்க. உள்ள என்ன இருக்குன்னு மட்டும் பாக்குறேன்."

நீ சேர்த்து வைத்திருந்தது ஐந்து கல்லூரிகளின் கையேடுகள். பெயர்களை மறைத்து ஒட்டும்போது ஆறாவதாக ஒன்றை நான் நுழைத்தேன். உன் மூன்று முகாமையாளர்களும் படித்துவிட்டு வந்த இடம் அது. "அங்கெல்லாம் நம்மள வாசல்லயே நிப்பாட்டிருவாங்க" என்று நீ பேச்செடுக்கவே விடாத இடம்.

பிள்ளைகள் இருவரும் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். நீ சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தாய். ஐந்தையும் படித்துக் கோடு போட்டுவிட்டு ஆறாவதைத் தொட்டதுமே கை நின்றுவிட்டது. "இது அந்த எடம்னு காகிதத்தோட தடிப்பே சொல்லுதே. வேணாம்னு சொன்னேன்ல? என்னைய அவமானப்படுத்தவா பாக்குறீங்க?"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. "காகிதத்த ஏன் தடவுற? உள்ள இருக்கிறதப் பாருன்னு நீதானே சொன்ன!" என்று கத்தினேன். பென்சிலை மேசையில் எறிந்தாய். கொஞ்ச நேரம் கழித்து நீயே அதை எடுத்துக்கொண்டாய். ஒரு மணி நேரம் கோடு போட்டுப் போட்டுப் படித்தாய். கடைசியில், யாரோ உன்னிடம் வம்புக்கு வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்: "சே, இதுதாங்க நல்லாயிருக்கு."

அப்படியென்றால் ஆறுக்கும் போடுவோம், ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்றேன். நீ கேட்கவில்லை. "நல்லது எதுன்னு தெரிஞ்ச பிறகு மத்ததுக்கு எதுக்குங்க போடணும்?" மற்ற ஐந்தும் அலுமாரிக்குள் போயின.

நேர்முகத் தேர்வுக்குக் கொழும்புக்கு இருவரும் போனோம். வெளியே வந்து உள்ளே நடந்ததைச் சொன்னாய். வேறு எங்கே விண்ணப்பித்தீர்கள் என்று கேட்டார்களாம். எங்கேயும் இல்லை என்றாயாம். நாங்கள் எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். "அடுத்த வருசம் வருவேன்னு சொன்னேங்க" என்றாய். ஐயோ, இவளுக்கு எதற்கு இந்த வாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எடுக்கவில்லை.

கடிதம் வந்த அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். நான் கதவுக்கு வெளியே நின்றேன், தட்டத் தைரியம் வரவில்லை. கடைக்கு வந்தவர்கள் கேட்டபோது, இன்னும் பதில் வரவில்லை என்று பொய் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். அந்த வாரமே அலுமாரியைத் திறந்து அந்த ஐந்து கையேடுகளையும் எடுத்தேன். நீ வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாய். "வருவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்ல" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் போனாய். அதே மூன்று பேர், அதே கதிரை. நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடியும் வந்துவிட்டீர்களா என்றாராம். "சொல்லிட்டுத்தானே போனேன்" என்றாயாம். மூவரும் சிரித்துவிட்டார்களாம். நீ உள்ளே இருந்த நேரம் முழுக்க நான் வாசல் காவலாளியிடம், உள்ளே இருப்பது "மகே நோனா", என் மனைவி, என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பீற்றிக்கொண்டிருந்தேன். பாவம், அந்த மனிதருக்கு நாலைந்து தடவை கேட்க வேண்டியதாயிற்று.

இந்தத் தடவை எடுத்தார்கள். இரண்டு வருடம் வார இறுதிகளில் கொழும்புக்கு ரயில் கோச்சி ஏறிப் போய்ப் படித்தாய். உன் கம்பனியில் அடுத்து வந்த முகாமையாளர் நீதான். முகாமையாளராக நீ முதல்நாள் வேலைக்குப் போனபோது நான் கடையைப் பூட்டிவிட்டு ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் நின்று பார்த்தேன், தெரியுமா?

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உன்னைப் பற்றிக் கேட்கிறவர்கள் சிலர், "அந்த வயசுலயும் இடம் கிடைச்சிச்சே, அதிர்ஷ்டந்தான்" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதிரையை இழுத்துப் போட்டு உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்கிறேன். முதல் வருடம் உன்னை எடுக்கவில்லை என்பதைத்தான் முதலில் சொல்கிறேன், அதுவும் சத்தமாக. அதைச் சொல்லாவிட்டால் நீ யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?