தொமஸுக்கு ஒரு கிளை

திங்கள், 11ஆம் திகதி

விடியவே வெயில். சூடான கச்சான் காற்று. புல்லெல்லாம் மஞ்சள். யுத்தத்தில் செத்த படைவீரரின் கல்லறைகள் உள்ள சேமக்காலையில் வழக்கம் போல முன்பாதி கூட்டுவது நான், பின்பாதி நசீர். தண்ணீர்க் குழாய் திரும்பவும் ஒழுக்கு.

நசீருக்கு ஞாயிறு பெண் பார்க்கப் போகிறார்களாம். "சேமக்காலையில வேலை எண்டு சொல்லிப்போடாத. தோட்டத்தில எண்டு சொல்லு," என்றேன்.

"ஏனக்கா? நான் வேலை செய்யிற இடத்தில ஒருத்தரும் சண்டை பிடிக்கிறேல்ல எண்டு சொல்லுவன்."

வாங்க: சீனி, நெருப்புப்பெட்டி, இடுப்புக்குத் தைலம்.

செவ்வாய், 12

பின்னேரம் ஒரு வெள்ளைக்காரர், பீற்றர். அறுபது வயதுக்கு மேல். அவித்த இறால் நிறம். நிலாவெளி ஹோட்டலில் இருந்து ஆட்டோக்காரக் குகன் ஏற்றி வந்தான். மொழிபெயர்ப்பும் அவன்தான்.

அம்மாவின் அண்ணனைத் தேடி வந்தவராம். பெயர் தொமஸ். இரண்டாம் வரிசை, ஏழாவது கல். பத்து வருடமாக அந்தக் கல்லைத் துடைக்கிறேன். எனக்கு அது ஏழாம் கல். இன்றைக்குத்தான் தொமஸ்.

தொமஸ் தன் ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்த பையனாம். இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் பீரங்கிப் படை. கப்பலில் இங்கே வந்து, துறைமுகத்துக்கு மேலே மேட்டில் விமானத்தைச் சுடும் பீரங்கியோடு காவல். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று பீரங்கியை விட்டு நகரவில்லை. அதிலேயே முடிந்தது. அப்போது தங்கச்சிக்கு, அதாவது பீற்றரின் அம்மாவுக்கு, ஏழு வயது.

தொமஸ் ஃப்ரீமேசனாம். அது என்ன என்றேன். ஒரு சங்கம், உள்ளே எல்லோரும் சகோதரர், கூட்டத்துக்கு வெள்ளை ஏப்ரன் கட்டுவார்கள் என்றான் குகன்.

"ஏப்ரனா? அப்ப குசினியில சமையல் வேலையும் செய்வினமோ, கேள்."

அவன் கேட்கவில்லை. பயந்தவன்.

தொமஸின் தகப்பனும் அந்தச் சங்கம். இந்தப் பீற்றரும்.

புதன், 13

என்ன வேலை பார்த்து வைத்தேன்.

காலை ஏழு மணி, கூட்டினேன். ஏழாம் கல்லின் அடியில் ஒரு கிளை. பிறை மாதிரி வளைந்த இலை. காற்று கொண்டுவந்தது என்று நினைத்துக் குப்பையோடு அள்ளினேன். நசீர் பச்சையாக இருந்ததையெல்லாம் பொறுக்கி, பின்மதிலுக்கு அப்பால் அவன் மச்சாளின் ஆடுகளுக்குப் போட்டான். தினமும் செய்வதுதான்.

மூன்று மணிக்குப் பீற்றரும் குகனும். கல்லுக்கு முன்னால் நின்று நிலத்தைப் பார்க்கிறார், சுற்றிப் பார்க்கிறார். முகம் வெளுத்துவிட்டது. இறால் திரும்பவும் பச்சை இறால்.

விடியவே வந்து வைத்தது அவராம். அது அக்கேசியாக் கிளை. அந்தச் சங்கத்தில் ஒருவர் செத்தால் சகோதரர்கள் ஆளுக்கொரு பச்சைக் கிளையைக் குழியில் போடுவார்களாம். குண்டு விழுந்த அவசரத்தில் தொமஸுக்கு ஒருவரும் போடவில்லை. தகப்பன் சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டு இருந்தாராம். தங்கச்சிக்கு இப்போது தொண்ணூறு. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில். நாளை ஒப்பரேசன். அண்ணனின் கல்லில் கிளை கிடப்பதைப் பார்த்த பிறகுதான் கத்தி என்கிறாவாம். நாலு மணிக்கு வீடியோவில் வருவா.

இருந்தது ஒரு மணித்தியாலம். கிளை ஒடித்த மரம் ஹோட்டல் பக்கம்; அங்கே போய்வரவே நேரம் சரி. போகிற வழியில் பாலத்தடியில் றோட்டு வேறு கிண்டிக் கிடக்கிறது என்றான் குகன்.

பேசாமல் நின்றிருக்கலாம். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று அவரே நினைத்துக்கொண்டு இருந்தார். வாய் பொறுக்கவில்லை.

"குகன், நான்தான் கூட்டினனான். ஆட்டுக்குப் போட்டாச்சு எண்டு சொல்லு."

"அக்கா, இதை நான் எப்பிடிச் சொல்லுறது?"

"நீ சொல்லு. நான் ஆட்டைப் பார்த்திட்டு வாறன்."

பின்மதிலில் ஏறி இறங்கினேன், இந்த இடுப்போடு. நசீர் பின்னால். ஆடு புல் முழுவதையும் தின்றுவிட்டு, கிளையை மட்டும் மோந்து பார்த்து ஒதுக்கியிருந்தது. நுனியில் இரண்டு இலை போயிருந்தது. மற்றது அப்படியே, புழுக்கைக்கு நடுவில்.

"ஆட்டுக்கும் பிடிக்கேல்ல, அக்கா," என்றான் நசீர்.

வாளியில் மூன்று தரம் கழுவினேன். கொண்டுபோய்ப் பீற்றரின் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். குகன் அப்போதுதான் வாய் திறந்து ஆட்டுக் கதையைச் சொன்னான். பீற்றர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அவர் பையில் இருந்து சங்கத்து வெள்ளைக் கையுறை எடுத்துப் போட்டு, முழங்காலில் நின்று, கிளையை வைத்தார்.

நாலு மணிக்கு அந்த அம்மா ஃபோனில். தலையணை, வெள்ளை முடி, கண் மட்டும் சின்னப் பிள்ளையின் கண். கிளையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு நுனியைக் காட்டி ஏதோ கேட்டா. பீற்றர் உண்மையைச் சொல்லிவிட்டார். 

சிரித்தா. தாதி ஓடிவந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தா.

"என்னவாம்?"

"அவவின்ர அண்ணன் ஊரில ஆட்டுக்குப் பயந்த ஆளாம் அக்கா. ஆடு கலைச்சு ஒருக்கா மரத்தில ஏறினவராம். இறங்கச் சொல்லி இவதான் ஆட்டைப் பிடிச்சு வைச்சவவாம்."

விமானத்துக்கு அசையாதவர்.

வியாழன், 14

வேலை ஓடவில்லை. தூசி துடைத்த கல்லையே திரும்பத் துடைத்தேன். ஏழாம் கல்லடியில் கூட்டவில்லை. சேமக்காலைப் பொறுப்பாளர் வந்து, காய்ந்தது கிடக்கக்கூடாது, பச்சை என்றால் கிடக்கட்டும் என்றார். அந்தக் கிளை மத்தியானமே சுருண்டுவிட்டது. மூன்று மணிக்கு மனமில்லாமல் எடுத்தேன்.

பீற்றர் இரவு விமானத்தில் போகிறாராம். ஒப்பரேசன் பற்றிச் செய்தி ஒன்றும் இல்லை.

வெள்ளி, 15

காலை பத்து மணிக்குக் குகனின் ஃபோன். ஒப்பரேசன் சரி. அந்த அம்மா கண் விழித்துவிட்டா. பீற்றர் செய்தி போட்டிருக்கிறார்.

"முதல் கேள்வியே, கிளை இன்னும் பச்சையா கிடக்குதா எண்டாம். என்ன எழுத, அக்கா?"

"ஓம், பச்சை எண்டு எழுது."

ஃபோனை வைத்ததும் நசீரைக் கூப்பிட்டேன். ஹோட்டல் பக்கத்து அந்த மரத்தடிக்குப் போக மோட்டார் சைக்கிளை எடுக்கிறான்.