வீட்டுக்குள் சொல்லக்கூடாத எட்டுச் சொற்கள்

என் செல்லச் சண்டைக்கார அத்தைக்கு,

இப்படிக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். ரசம்தான் கொஞ்சம் புளிப்புத் தூக்கல். நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சமையல்காரர் நம் கஜா பெராங் தெருப் பக்கமே அப்புறம் தலைகாட்டியிருக்க மாட்டார்.

சாப்பாடு ஆனதும் புக்கிட் பாருவில் இருக்கும் உங்கள் கொழுந்தனார், அதுதான் நம் சித்தப்பா, வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார். "கொழந்தையைப் பாத்துக்க அண்ணி இருந்தாங்க, நீயும் வேலைக்குப் போன. இனிமே அந்த டெலிபோன் வேலை எதுக்கும்மா? மாசக் கடைசியில எழுதிக் குடுத்துட்டு வீட்டப் பாரு" என்றார். கூடத்தில் இருந்த எல்லாத் தலையும் ஆடியது. உங்கள் மகன் மட்டும் தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்துகொண்டார்.

"அத்தையக் கேட்டுட்டுச் சொல்றேன் சித்தப்பா."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, அத்தை. ஐந்து வருஷப் பழக்கம். யாரோ "பாவம் அந்தப் பொண்ணு" என்றார்கள். பாவம் என்ன பாவம்? சொன்னது சொன்னதுதான், உங்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த வேலையை நான் விடலாமா?

பதில் சொல்வதற்கு முன்னால், அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு மறந்திருக்காது, ஆனாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

கம்போங் செட்டியில் என் பிறந்த வீடு, அங்கிருந்து உங்கள் வீடு பத்து நிமிட நடை. ஆனால் நான் மருமகளாக வந்தபோது என் தமிழ் அந்தப் பத்து நிமிடத்துக்குக்கூடத் தாங்காது. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருக்கும் செட்டிகள் நாங்கள்; எங்கள் வீட்டில் சாமிகளின் பெயர் தமிழ், எங்கள் பெயர் தமிழ், பேச்சு முழுக்க மலாய். வந்த முதல் வாரத்திலேயே "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு நீங்கள் கோயிலுக்குப் போனீர்கள். நானும் சந்தோஷமாக, சைக்கிளில் சாமான் கேட்டு வந்த கடைக்காரரை ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மத்தியானம் வெறும் டின்னைத் திறந்து காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த வீட்டில் எதுவும் தீர்ந்துபோகாது, நிறைந்துதான் இருக்கும். விளக்கை அணைக்கக் கூடாது, மலையேற்ற வேண்டும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, பந்தாங்!" என்றேன். செய்யக்கூடாததை எங்கள் மலாயில் அப்படித்தான் சொல்வோம். "ஆமா ஆமா, பந்தாங்" என்று நீங்கள் தலையாட்டினீர்கள். நமக்குள் முதலில் விளங்கிய சொல் அதுதான்.

மெர்டேக்காவுக்கு, அதுதான் நாட்டின் சுதந்திர நாளுக்கு, அப்போது சில மாதங்கள் இருந்தன. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். டெலிபோன் ஆப்பரேட்டர் வேலைக்கு உள்ளூர்ப் பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று உங்கள் மகன் வந்து சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை இதே வேலைக்கு அழைப்பு வந்து, என் அப்பா போகக் கூடாது என்று காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். இந்த முறையும் தவறினால் எனக்கு வயது கடந்துவிடும். அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது, அத்தை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

நேர்முகத் தேர்வில் இங்கிலீஷ் கேட்பார்கள். ஒரு சொல் கொடுத்து, அதே பொருளில் வேறு சொற்களும் எதிர்ச்சொற்களும் சொல்லச் சொல்வார்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். முதல் சொல் 'பிகின்'. இடது பக்கத்தில் ஸ்டார்ட், கமென்ஸ், ஓப்பன் என்று ஏழு. வலது பக்கத்தில் எதிர்ச்சொற்கள் எட்டு. அந்த எட்டை இங்கே எழுத மாட்டேன். இந்தக் காகிதமும் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

நான் செய்த தப்பு, ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் விளக்கு ஏற்றிய கையோடு கூடத்தில் உட்கார்ந்து அதைச் சத்தம்போட்டு மனப்பாடம் செய்தது. "என்னாடா சொல்றா இவ?" என்று கேட்டீர்கள். உங்கள் மகனுக்குப் பொய் சொல்ல வராது. "தொடங்குறதுக்கு எதிர்ச்சொல்லும்மா. முடிஞ்சுபோச்சு, நின்னுபோச்சு, இழுத்து மூடியாச்சு, அந்த மாதிரி" என்றார்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா, விளக்கு வச்ச நேரத்துல, வீட்டுக்கு வந்த மகாலட்சுமி வாயிலயா!" நோட்டு அலமாரி உச்சிக்குப் போனது. "இந்த வீட்டுல இனி இங்கிலீஷு கெடையாது."

இரண்டு நாள், தட்டில் வைத்த சோற்றை நான் தொடாமல் அப்படியே எடுத்துப் போவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் முக்காலி போட்டு ஏறி, அந்த நோட்டை நீங்களே எடுத்து என் மடியில் போட்டீர்கள். "நல்ல வார்த்தையெல்லாம் உள்ள சொல்லு. மத்ததெல்லாம் லோங்காங்குக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லு. சொல்லிட்டு காலக் கழுவிட்டு உள்ள வா."

வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஓடும் அந்த லோங்காங் சாக்கடைமேல் ஒரு பலகை போட்டிருக்குமே, ஒரு மாசம் அதில் எத்தனை தரம் ஓடியிருப்பேன்! உள்ளே ஏழு, வெளியே எட்டு. நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணுவீர்கள். ஒன்று குறைந்தால், "ஏழுதான் வந்துச்சு, இன்னொண்ணு எங்க?" என்று அதட்டல் வேறு. இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் என்னை அப்படிப் படிக்க வைத்தது நீங்கள் ஒருவர்தான்.

எதிர்வீட்டுச் சீன அம்மா இதைப் பார்த்துவிட்டு, செட்டிப் பெண்ணை மாமியார் தினமும் சாயங்காலம் வீட்டைவிட்டு விரட்டுகிறாள், அவள் தெருவில் நின்று கத்துகிறாள் என்று கம்போங் செட்டி வரை செய்தி அனுப்பிவிட்டார். என் அம்மா குடையைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்து நின்றார். "அபா சலா அனா குவா?" என் மகள் என்ன தப்பு செய்தாள் என்று வாசலில் நின்று கேட்டார். நீங்கள் பதறாமல் காப்பி போட்டுக் கொடுத்து, "பந்தாங்" என்று ஒரே சொல்லில் விளக்கினீர்கள். அம்மா குடையை மடக்கிவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் விரல் மடக்கத் தொடங்கிவிட்டார். சம்பந்திகள் சிநேகம் ஆனது அன்றைக்குத்தான்.

உள்ளே சொன்ன ஏழும் உங்களுக்கும் பாடமாகிவிட்டது. காலையில் அடுப்புப் பக்கம் வந்து "ம்ம், கமென்ஸ் பண்ணு" என்பீர்கள். தோசை ஊற்றுவதற்கு அந்தச் சொல்லை உலகத்தில் வேறு யாராவது சொல்லியிருப்பார்களா?

தேர்வு பண்டார் ஹிலிரில், ஓர் அரசாங்க அலுவலகத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் அவர் இடத்துக்கு வரப்போகும் மலாய்க்கார அதிகாரி. முதல் கேள்வியே 'பிகின்'. எனக்குக் கொண்டாட்டம். ஏழையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "எதிர்ச்சொற்கள்?" என்றார்.

வாய் திறக்கவில்லை, அத்தை. மறந்துபோகவில்லை. எட்டும் நாக்கு நுனியில் நின்றன. தலைக்குமேல் கூரை இருக்கிறதே, எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுந்து, மன்னிக்கச் சொல்லிவிட்டு, வராந்தாவைத் தாண்டி, படியிறங்கி, அங்கே ஓடிய லோங்காங்கையும் தாண்டி நின்று, ஜன்னலைப் பார்த்து எட்டையும் சத்தமாகச் சொன்னேன். தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டு வாங்கிக் காலையும் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. வெள்ளைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "நீ போகலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் முழுதையும் கேட்டீர்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உங்கள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை. "என்னாலதானே இது. உன் வேல என்னாலதான் முடிஞ்சுபோச்சு" என்றீர்கள்.

சொன்ன பிறகும் நீங்கள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. விளக்கைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஒரு வாழ்நாள் முழுக்கக் காத்த வழக்கத்தை எனக்காக விட்டுக்கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு நான் அழுதது வேலைக்காக இல்லை. நீங்கள் எனக்கு அம்மாவானது அந்த நிமிஷத்தில்தான், இதை உங்களிடம் நேரில் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வேலை எனக்குத்தான். ஏன் என்று சேர்ந்த பிறகு அந்த மலாய்க்கார அதிகாரியே சொன்னார். "என் அம்மாவும் இப்படித்தான். நாடு புதிதாகத் தொடங்குகிற நேரத்தில் என் அலுவலகத்துக்குள் அதையெல்லாம் சொல்லாமல் விட்டாயே, அதற்கு நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்." நீங்கள் அதைக் கேட்டுவிட்டுத் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தீர்கள். எதிர்வீட்டுச் சீன அம்மாவுக்கு இரண்டு பங்கு.

பேத்தி பிறந்தபோது எல்லாரும் வேலையை விடச் சொன்னார்கள். "பெத்தது அவ, வளக்கிறது நானு. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று நீங்கள் கேட்டதும் இதே சித்தப்பாதான் முதல் ஆளாக எழுந்து போனார்.

இப்போது என்ன செய்வது? வீட்டு நிலவரத்தையும் கேளுங்கள். உங்கள் மகன் காலையில் இடியாப்பம் பிழிகிறார், பார்க்கச் சகிக்காது, ஆனால் வேகிறது. என் அம்மா தினமும் காலையில் வந்து பேத்தியைக் கம்போங் செட்டிக்குத் தூக்கிப் போகிறார். பேத்தி பாதி மலாயில் பேச ஆரம்பித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சாயங்காலம் நான் தமிழில் திருத்திவிடுகிறேன். நீங்கள் இல்லாத வீடு எனக்குப் பெரிதாக இருக்கிறது. சாவி போட்டுத் திறந்து உள்ளே வருவது இன்னும் பழகவில்லை. வேலையிலும் சில நேரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுகிறேன். பக்கத்து நாற்காலிப் பெண் தோளைத் தொட்டு எழுப்புகிறாள்.

இதைப் படித்த உங்கள் மகன், தமிழ்ப் பேப்பரின் ஞாயிறு மலருக்கு அனுப்பலாம் என்கிறார். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு யோசித்தேன். புக்கிட் பாருவில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை முதல் ஆளாக வாங்குகிறவர் சித்தப்பா. கடைசி வரி வரைக்கும் படிப்பார். அதனால் அவருக்குப் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா, அத்தையைக் கேட்டுவிட்டேன். போகச் சொல்லிவிட்டார்கள்.

அத்தை, உங்கள்மேல் ஆணை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் நாற்காலியில் நான் இருப்பேன். என் பெண் ஒருநாள் எதற்காவது எங்கேயாவது போக ஆசைப்பட்டால், வழியில் நிற்கிறவர்களிடம் உங்களைப் போலவே நானும் சண்டை போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து, உங்கள் மகளான
சிவகாமி