வால்வைச் சுருக்கியது யார்

மத்திகிரி,
17.3.95

அன்புள்ள சபீஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

ஆபீசில் கம்ப்யூட்டரில் மெஷின் வரைபடம் போடுகிற எல்லோரும் வால்வு, மோட்டார் குறிகளை என்னிடமுள்ள ஃபிளாப்பியிலிருந்துதான் எடுக்க வேண்டும். யாரோ அதில் வால்வுக் குறியின் அளவைச் சுருக்கிவிட்டார்கள். அதனால் தப்பாய்ப்போன பதினோரு படங்களைத் திரும்பப் போட்டோம். பயப்படாதே, வேலைக்கு ஒன்றுமில்லை.

பக்கத்து சீட் சென்னகிருஷ்ணன்மேல்தான் சந்தேகம். கேட்டால், "உங்க ஃபிளாப்பிய நான் எதுக்கு பாய் தொடப்போறேன்?" என்று சிரிக்கிறான். இப்போது அவனோடு டீக்குக்கூடப் போவதில்லை.

நேற்று கம்ப்யூட்டரில் அந்த வால்வு ஃபைலைக் கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்தேன். போன ஞாயிறு மாலை. அறையில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அன்று ஆபீசுக்குப் போனவன் நான் ஒருவன்தான்.

டவுன் பஸ் வருகிறது, நிறுத்துகிறேன். ஃபிளாப்பிப் பெட்டிக்குப் போட, பீரோவிலுள்ள சின்னப் பூட்டை மறக்காமல் அனுப்பு. கம்ப்யூட்டரில் தேதியையும் மாற்றலாமாம்.

ஃபக்ருதீன்