கம்பளி போர்த்திய வைப்ரஃபோன்

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம்
10-2-59

அன்பும் மரியாதையும் உள்ள மாமா அவர்களுக்கு, மருமகள் மரியபுஷ்பம் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே மூவரும் சுகம். பாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. ஆனாலும் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் மகன் சிரிக்கிறார்.

ஒரு காரியத்துக்கு உங்கள் உத்தரவு வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர் குடும்பம் ஒன்று எங்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு வைப்ரஃபோனை விட்டுப் போனது. மேசை மாதிரி நிற்கும். மேலே வரிசையாக உலோகப் பட்டைகள், அடியில் குழாய்கள். நூல் சுற்றிய கோலால் தட்டினால் மணிபோல ஒலிக்கும். மோட்டாரைப் போட்டால் அந்த ஒலி தண்ணீர் மாதிரி அலையும். காலேஜில் நான் பியானோ படித்தது தெரிந்து, சாக்ஸபோன் வாசிக்கும் கிறிஸ்துராஜ் அண்ணன் அதை எங்கள் குவார்ட்டர்ஸுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஈஸ்டர் திங்களன்று இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ், ஜாஸ் கச்சேரி. நான் வாசிக்க வேண்டுமாம். எனக்கும் ஆசைதான். உங்கள் மகனோ, "அப்பா சரின்னா சரி" என்று முடித்துவிட்டார்.

ஜாஸ் என்றதும் பயப்படாதீர்கள் மாமா. பாட்டின் நடுவே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் விடுவார்கள். அங்கே எழுதி வைத்தது எதுவும் இராது. பூசைக்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் நீங்கள் கோவிலில் எழுந்து பேசுகிறீர்களே, அப்படி.

கீழ்ப்படிதலுள்ள
மரியபுஷ்பம்


புதுச்சத்திரம்
16-2-59

மருமகள் புஷ்பத்துக்கு ஆரோக்கியசாமி உபதேசியார் ஆசீர்வாதம்.

நான் பேசுவது சர்வேசுரனைப் பற்றி. அதை டான்ஸோடு சேர்க்காதே. நீ கைக்குழந்தைக்காரி. தவக்காலம் பிறந்து, கோவிலிலேயே ஆர்மோனியத்தை மூடி வைத்தாயிற்று. தவக்காலம் முடியும்வரை அந்தச் சாமானின் சத்தம் வீட்டில் கேட்கக் கூடாது. பிறகு பார்க்கலாம்.

பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டு.

ஆரோக்கியசாமி


சூரமங்கலம்
9-3-59

அன்புள்ள மாமாவுக்குத் தோத்திரம்.

சத்தம் கேட்கவில்லை மாமா. மோட்டாரை நிறுத்தி, பட்டைகள் மேல் கம்பளியை நாலாக மடித்துப் போட்டுத் தட்டுகிறேன். பாப்பா பக்கத்திலேயே தூங்குகிறாள், அசைவதுகூட இல்லை. பக்கத்து வீட்டு ராஜம்மாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஏனுங்க, கம்பளில தூசி தட்டறீங்களா? நானும் தெனமும் பாக்கறேன், இன்னுமா போவல?" என்கிறாள்.

சத்தம் கேட்கக் கூடாது என்றுதானே எழுதினீர்கள்? வாசிக்கக் கூடாது என்று இல்லையே. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். காதுக்கு ஒன்றும் வராததால் சரியா தப்பா என்றே தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஆனால் ஈஸ்டருக்கும் கச்சேரிக்கும் நடுவே ஒரு நாள்கூட இல்லை. அப்போது தொடங்கினால் ஆகாது. ஆகும், ஆகாது என்று ஒரு வரி எழுதுங்கள். கிறிஸ்துராஜ் அண்ணன் என் பெயரை நோட்டீஸில் போடலாமா என்று காத்திருக்கிறார்.

மரியபுஷ்பம்


புதுச்சத்திரம்
17-3-59

புஷ்பத்துக்கு ஆசீர்வாதம்.

காலேஜ் படிப்பு இதற்குத்தானா? சத்தமில்லாத வாத்தியம் தவக்காலத்துக்கு ஆகுமா என்று சாமியாரிடமே போய்க் கேட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "உபதேசியாரே, உம்முடைய மருமகள் நல்ல வக்கீல்" என்றார்.

விளையாட்டுக்காக யாரும் கம்பளியைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். போய் வாசி. ஈஸ்டர் பூசை முடிந்ததும் வருகிறேன். டான்ஸ் நடக்கிற இடத்தில் கால் வைக்க மாட்டேன், எதிர்பார்க்காதே. குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆரோக்கியசாமி


சூரமங்கலம்
1-4-59

அன்புள்ள மாமாவுக்குத் தோத்திரம்.

கச்சேரிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான் எழுந்திருக்கும் முன்பே பஸ் ஏறிவிட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபமா? சபையில் யாராவது ஏதாவது சொன்னார்களா? நான் வாசித்தது உங்களுக்குத் தலைகுனிவாகிவிட்டதோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இரண்டாவது பாட்டில் கிறிஸ்துராஜ் அண்ணன் சாக்ஸபோனை இறக்கி, "உங்க எடமுங்க" என்றார். அடியில் ஒரு மிதி உண்டு. மிதித்தால் ஒலி நீளும், விட்டால் நிற்கும். கம்பளி போட்டுப் பழகிய காலத்தில் அதற்கு வேலையே இல்லை. பயத்தில் மிதித்தபடியே நின்றுவிட்டேன். எல்லா ஒலியும் ஒன்றோடொன்று குழைந்து களியாகிவிட்டது! சட்டென்று காலை எடுத்தேன். ஒரே நிசப்தம். நிசப்தம் எனக்குப் பழகினதுதானே மாமா? அவசரப்படாமல் அதிலேயே நின்றேன். பிறகு ஒரு பட்டை, இன்னொன்று. யாரும் எழுதித் தராத பாட்டு ஒன்று என் கையிலிருந்து வந்தது. டான்ஸ் ஆடியவர்கள் நின்று கேட்டார்கள். "அப்பிடிச் சும்மா நின்னீங்களே, அதானுங்க ஜாஸு" என்றார் அண்ணன்.

பெருமையாக எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

பாப்பாவின் போர்வையில் வேப்பம்பூ ஒட்டியிருந்தது. நம் வீட்டருகே வேப்பமரம் இல்லையே? ஜன்னல் திறந்திருந்ததா? சளி பிடிக்குமோ என்று கவலையாக இருக்கிறது.

மரியபுஷ்பம்


புதுச்சத்திரம்
6-4-59

அன்புள்ள மருமகளுக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

கோபம் இல்லை அம்மணி. காலை ஜெபம் நடத்த இங்கே வேறு ஆள் இல்லை, அதனால் முதல் பஸ். எதிரில் நின்று சொல்லவும் எனக்கு வாய் வராது.

குழந்தை அழுதாள். உன் சத்தம் கேட்டால் அடங்குவாள் என்று தூக்கிப் போய், இன்ஸ்டிட்யூட் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை. அங்கே ஒரு போர்ட்டர், "ஏனுங்க பெரியவரே, இந்த வயசுல டான்ஸு பாக்கவா?" என்றான். "டான்ஸுக்கு இல்லீங்க. உள்ள வாசிக்கறது எம்பட மருமவ. பி.ஏ. படிச்சவ" என்றேன். அவன் கேட்காததையெல்லாம் சொன்னேன். நீ நிறுத்தினாயே, அப்போது அவன், "கரண்ட் போயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றான். "சும்மா இரு சாமி, இப்ப வரும்" என்றேன்.

வந்தது.

மே மாதம் நம் கோவில் திருவிழா. சாமியாரிடம் பேசிவிட்டேன். கோவிலுக்குள் வேண்டாம், தேர் கிளம்பும் முன் வாசலில் வாசிக்கட்டும் என்கிறார். சபையில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். இங்கே இன்னும் கரண்ட் வரவில்லை. மோட்டார் இல்லாமல் ஆகுமா என்று எழுது. லாரியில் ஏற்றிவந்து ரோட்டில் இறக்கினால், அங்கிருந்து நம் ஊர் ரங்கனின் மாட்டுவண்டி. வைக்கோலைக் கனமாகப் பரப்பச் சொல்லியிருக்கிறேன். அது வைப்ரஃபோனுக்கு. குழந்தை என் மடியில் வருவாள்.

மாமா
ஆரோக்கியசாமி